கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் குடும்பத்தோடு: மதுரையிலிருந்து கிளம்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஒரு குழந்தையிடம் விண்வெளி ஆய்வு எங்கே நடக்கிறது என்று கேட்டால் ஸ்ரீஹரிகோட்டா என்று சொல்லும். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் நான்கைந்து மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மேகம் மறைக்காத நாள்களில் எல்லாம் 1904 முதல் சூரியனைப் படம்பிடித்துவரும் இடம் அது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான், சூரியனைப் பார்ப்பதற்கென்றே இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியையும் உருவாக்கியது.

என் வீட்டாரையும் சேர்த்து நான்கு குடும்பங்களோடு அங்கே போயிருக்கிறேன். முதல் தடவை மதியம் மூன்று மணிக்குப் போய் நின்றோம். மூடுபனி இறங்கி, எதிரிலிருந்த மரமே தெரியவில்லை. அண்ணன் மகள் சூரியன் எங்கே என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. பிறகு போனவர்களும் ஏறக்குறைய இதே மாதிரி இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. ஆய்வகத்துக்குள் கிடைக்கும் இரண்டு மணி நேரம் எப்படி அமையும் என்பதை வீட்டில் செய்யும் மூன்று வார வேலை முடிவு செய்துவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி மதுரைக்குள்ளேயே நடக்கும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பள்ளி விடுமுறையைப் பார்த்து நாள் குறிப்பது பெரும்பாலானோர் வழக்கம். அப்படிக் குறித்தால் மே மாதமோ அக்டோபரோ வந்து நிற்கும். மே என்றால் மலைப்பாதை முழுக்க வாகனம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. இந்தப் பயணத்தில் நாம் பார்க்கப் போகும் பொருள் சூரியன். அது தெரியாவிட்டால் மற்ற ஏற்பாடுகளால் பயனில்லை.

ஜனவரி பாதியிலிருந்து மார்ச் முடிய உள்ள வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அப்போது அதிகம். ஒரு சனிக்கிழமையோடு வெள்ளி அல்லது திங்களைச் சேர்த்து ஒரு நாள் விடுப்பு எடுப்பது போதும்.

பிள்ளைக்கு எட்டு வயதாவது ஆகியிருப்பது நல்லது. அதற்குக் குறைந்தவர்களை அழைத்துப் போகக் கூடாது என்பதில்லை. ஆனால் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு பெரியவர் வேண்டும். ஆறு பேருக்கு மேல் போகாதீர்கள். கருவிகள் இருக்கும் அறைகள் சிறியவை. ஐந்து பேரிடம் பேசுபவர் உரையாடுவார், பதினைந்து பேரிடம் பேசுபவர் அறிவிப்புத்தான் செய்வார்.

2. பிறந்தநாள் சூரியனைத் தேடி எடுங்கள்

இதை இரண்டாவது படியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இதைச் செய்த குடும்பம் ஆய்வகத்துக்குள் நுழையும்போது வேடிக்கை பார்க்க வந்தவர்களாக நுழைவதில்லை.

கொடைக்கானலில் கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் எடுத்த பழைய சூரியப் படங்களை எண்மப்படுத்தி, பொதுமக்களும் பார்க்கும்படி இந்திய வானியற்பியல் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத் தரவுக் காப்பகம் என்று தேடினால் கிடைக்கும். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பிறந்த தேதியையும் கொடுத்து அன்றைய சூரியனைத் தேடுங்கள். பெரியவர்களின் நாள்களிலிருந்து தொடங்குங்கள். காப்பகத்தின் பலமே பழைய ஆண்டுகள்தான்.

இங்கே மூன்று இடறல்கள் உண்டு. முதலாவது, படங்கள் பல வகை. வெள்ளொளிப் படத்தில் சூரியப்புள்ளிகள், அதாவது சூரியப் பரப்பில் சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்த இடங்கள், கறுப்பாகத் தெரியும். கால்சியத்துக்குரிய ஊதா ஒளியில் மட்டும் எடுக்கும் கால்சியம் கே படத்தில் புள்ளிகளைச் சுற்றியுள்ள காந்தப் பகுதிகள் வெளிர்த் திட்டுகளாகத் தெரியும். அவற்றை மேகம் என்று நினைத்துப் பலர் தள்ளிவிடுகிறார்கள். முதலில் வெள்ளொளிப் படத்தை எடுங்கள், பிறகு அதே நாளின் கால்சியம் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, மழைக்கால நாள்களுக்குப் படம் இல்லாமல் இருக்கலாம். அன்று கொடைக்கானலில் மேகம் என்று பொருள். முன்னும் பின்னும் ஒரு நாள் தள்ளிப் பார்த்தால் போதும். சூரியப்புள்ளிகள் ஓரிரவில் மறைந்துவிடுவதில்லை.

மூன்றாவது இடறல் நம் வீடுகளுக்கே உரியது. எங்கள் அப்பத்தாவின் ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதி யாரோ உட்கார்ந்து எழுதிய தேதி. உண்மையான நாள் எது என்று கேட்டால், "மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பொழுது விடியும் நேரம்" என்பார். ஆண்டு தெரிந்திருந்ததால் பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதியைப் பிடித்தோம். தமிழ் மாதமும் விழாவும் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இதே வழிதான். இதற்கு ஒரு மாலை நேரம் போகும், ஆனால் அந்த மாலையில் பிள்ளைகள் கேட்கும் கதைகள் வேறு எப்போதும் வெளியே வராதவை.

அந்தப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தோம். அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விளிம்பருகே இருந்த புள்ளிக் கூட்டத்தை நகத்தால் தொட்டு, இது அழுக்கா என்று கேட்டார். அது பூமியைவிடப் பெரியதாக இருக்கலாம் என்று என் அண்ணன் மகள் சொன்னாள். அதை அவர் நம்பவில்லை. அவரை நம்பவைக்கச் செய்ததுதான் நான்காவது படியில் வரும் கொத்தமல்லி விதை.

3. மூன்று வாரம் முன்பே எழுதுங்கள்

ஆய்வக வளாகத்தில் பொதுமக்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சூரியனின் நேரடிப் பிம்பத்தையும் அதன் நிறமாலையையும் காட்டுகிறார்கள். பார்வை நேரம் சீசனில் ஒருவிதமாகவும் மற்ற மாதங்களில் வேறுவிதமாகவும் இருக்கும். ஆகவே இணையத்தில் யாரோ எப்போதோ எழுதிய நேரத்தை நம்பிப் போகாதீர்கள். ஆய்வக அலுவலகத்திடமே கேளுங்கள்.

பலர் இஸ்ரோவுக்கு எழுதுகிறார்கள். இந்த ஆய்வகம் இஸ்ரோவின் கீழ் இல்லை. இந்திய வானியற்பியல் நிறுவனம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் தன்னாட்சி நிறுவனம். தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. தவறான கதவைத் தட்டினால் பதிலுக்குக் காத்திருந்தே மூன்று வாரம் போய்விடும்.

அருங்காட்சியகத்தைத் தாண்டி, வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்பதுதான் முறை. அனுமதி கிடைப்பது அன்றைய பணியைப் பொறுத்தது. அவை காட்சிக்கு வைத்த கருவிகள் அல்ல, அன்றாடம் வேலை செய்பவை. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நாங்கள் எழுதியதன் சாரம் இது:

"நாங்கள் மதுரையைச் சேர்ந்த ஐவர் கொண்ட குடும்பம். எங்களில் 11 வயதுச் சிறுமியும் எழுபது வயதைக் கடந்த பாட்டியும் உண்டு. தங்கள் காப்பகத்திலிருந்து பாட்டி பிறந்த நாளின் சூரியப் படத்தை எடுத்துப் பார்த்தோம். அத்தகைய படம் இப்போது எப்படி எடுக்கப்படுகிறது என்பதை, பணிக்கு இடையூறு இல்லாத ஒரு காலை வேளையில் பார்க்க விரும்புகிறோம். கீழ்க்கண்ட இரண்டு தேதிகளில் எது வசதி என்று தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்."

இரண்டு தேதிகளைக் கொடுங்கள். ஒரே தேதி கொடுத்தால் அன்று முடியாது என்றவுடன் பேச்சு முடிந்துவிடும். எல்லாத் தொலைநோக்கிகளையும் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள், ஒன்றைக் கேளுங்கள். பெரியவர்களின் வயதைச் சொல்லுங்கள், நடக்க வேண்டிய தூரத்தை அவர்களே யோசித்துச் சொல்வார்கள். பெங்களூருக்கு அனுப்ப நேர்ந்தாலும் தடையில்லாமல் இருக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவது நடைமுறைக்கு உகந்தது.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதையொட்டிப் பொதுமக்களுக்கு ஏற்பாடு எதுவும் உண்டா என்றும் அதே கடிதத்தில் கேட்டுக்கொள்ளலாம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பதில் கடிதத்தின் அச்சுப் பிரதியையும் எல்லோருடைய ஆதார் அட்டையையும் ஒரே உறையில் வையுங்கள். வாயிலில் நின்றுகொண்டு செல்போனில் மின்னஞ்சலைத் தேடுவது இரண்டு தரப்புக்கும் சங்கடம்.

4. வீட்டிலேயே ஓர் ஒத்திகை

இந்தப் படியைத் தவிர்த்த குடும்பங்களில் பிள்ளைகள் ஆய்வகத்தில் கால் மணி நேரத்தில் களைத்துப்போனார்கள். செய்தவர்கள் வெளியே வர மறுத்தார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு விதி. சூரியனை வெறும் கண்ணாலோ, எக்ஸ்ரே பிலிம் வழியாகவோ, புகை படிந்த கண்ணாடி வழியாகவோ, பைனாகுலர் வழியாகவோ யாரும் பார்க்கக் கூடாது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. சேதம் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. கீழே சொல்லும் சோதனைகள் எல்லாவற்றிலும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதல் சோதனைக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஒரு சென்டிமீட்டர் அளவில் சதுர ஓட்டை வெட்டிய தடித்த காகிதத்தால் அதை மூடுங்கள். மதுரையின் பழைய தெருக்களில் வீடுகள் குறுகி நீண்டிருக்கும். வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்க்கோடு. அந்த வீட்டமைப்பு இதற்கென்றே கட்டியது போலப் பொருந்தும். வாசல் திண்ணையில் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை வைத்து, அதில் கண்ணாடியைச் செருகி, வெயிலை வீட்டுக்குள் திருப்புங்கள். உள்ளே விளக்கை அணைத்து, பத்து மீட்டர் தள்ளி உள்ள சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு, ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் விட்டத்தில், வட்டமான ஒளி விழும். ஓட்டை சதுரம், விழுவதோ வட்டம். அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். யாரும் சுவர்ப் பக்கமிருந்து கண்ணாடியை நோக்கிப் பார்க்காமல் ஒரு பெரியவர் அங்கேயே நிற்க வேண்டும்.

வட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு நிமிடத்தில் பிம்பம் தன் முழு அகலத்துக்கு நகர்ந்து கோட்டைவிட்டு வெளியேறிவிடும். பூமி சுழல்வதன் விளைவு அது. கொடைக்கானலின் சுரங்கத் தொலைநோக்கி செய்வதும் இதே வேலைதான். கண்ணாடியால் ஒளியைப் பிடித்து நீண்ட இருட்டுப் பாதைக்குள் அனுப்புவது. ஆனால் அங்கே பிம்பம் நகராது. அதற்கென உள்ள சீலோஸ்டாட் கண்ணாடி 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் திரும்பிக்கொண்டே இருக்கும். சப்பாத்தி மாவில் கண்ணாடியைத் திருத்தித் திருத்திக் கை வலித்த பிள்ளைக்கு அந்த இயந்திரத்தின் அருமை ஒரு நொடியில் விளங்கும்.

இரண்டாவது சோதனை, கொத்தமல்லி விதை. அந்தச் சுரங்கத் தொலைநோக்கி உருவாக்கும் சூரியப் பிம்பத்தின் விட்டம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். வாசலில் 17 சென்டிமீட்டர் நூலைக் கட்டிக் கோலமாவால் அந்த வட்டத்தைப் போடுங்கள். சூரியனின் குறுக்கே 109 பூமிகளை வரிசையாக வைக்கலாம். ஆக இந்த அளவில் பூமி 3 மில்லிமீட்டர், ஒரு சிறிய கொத்தமல்லி விதை. விதையை வட்டத்துக்குள் வைத்தபோது அப்பத்தா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு தன் பிறந்தநாள் படத்தை எடுத்துவரச் சொல்லி மறுபடியும் பார்த்தார்.

அத்தோடு நிறுத்த வேண்டாம். இதே அளவில் பூமி எங்கே இருக்கும் என்று கேளுங்கள். சூரியன் நம்மிடமிருந்து 15 கோடி கிலோமீட்டர். கணக்குப் போட்டால் விதையை எடுத்துக்கொண்டு தெருவில் 36 மீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்க வேண்டும். எங்கள் தெருவில் அது ஏழாவது வீட்டு வாசல். நிலா அந்த விதையிலிருந்து 9 சென்டிமீட்டர். ஆதித்யா-எல்1 பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. அதாவது விதையிலிருந்து சூரியன் இருக்கும் பக்கமாக 37 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்கும் குறைவு. ஆதித்யா சூரியனுக்கே போய்விட்டது என்று நினைத்திருந்த பெரியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வாயடைத்து நின்றார்கள். சூரியனுக்குக் கிட்டப் போவதற்காக அதை அனுப்பவில்லை. இரவும் மேகமும் காற்று மண்டலமும் குறுக்கிடாத ஓரிடத்தில் நிறுத்தி இடைவிடாமல் பார்ப்பதற்காக அனுப்பினார்கள்.

மூன்றாவது சோதனை சிறியது. பழைய சிடி ஒன்றை எடுத்து, இரவில் டியூப் லைட்டின் ஒளி அதில் பட்டுத் திரும்பும்படி சாய்த்துப் பாருங்கள். நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். எல்இடி பல்பில் அவை ஒன்றோடொன்று இழைந்திருக்கும். அடுத்து, பெரியவர் ஒருவர் கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவட்டும். சுடர் மஞ்சளாகும். அது சோடியத்தின் நிறம். இந்த மஞ்சளை நினைவில் வைத்திருக்கச் சொல்லுங்கள், ஆய்வகத்தில் தேவைப்படும். சிடியைச் சூரியனுக்கு மட்டும் காட்ட வேண்டாம்.

5. பயணம்: முந்தின நாளே ஏறிவிடுங்கள்

விடிகாலையில் மதுரையில் கிளம்பி அன்றே பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று திட்டமிடுபவர்கள்தான் அதிகம். அது வேண்டாம். நீங்கள் ஏறி முடிக்கும்போது பத்து மணி தாண்டியிருக்கும், பிள்ளைகள் வாந்தி எடுத்துச் சோர்ந்திருப்பார்கள், பிற்பகல் மூடுபனி நெருங்கிக்கொண்டிருக்கும்.

முந்தின நாள் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்புங்கள். கொடைக்கானல் பஸ்கள் ஆரப்பாளையத்திலிருந்து புறப்படுகின்றன. வத்தலக்குண்டு வரை சமவெளி. அங்கே ஒரு நிறுத்தம் போட்டு, கழிப்பறை, தண்ணீர் வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மலை. காலையில் இரண்டு இட்லி போதும். முதல் நாள் இரவு பரோட்டா சால்னா வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் செல்போன் பார்க்காமல் ஜன்னல் வழியே தூரத்தைப் பார்த்துவந்தால் தலைசுற்றல் குறையும். ஒரு எலுமிச்சம்பழம், இரண்டு காகிதப் பை.

சொந்த வாகனத்திலோ வாடகை வேனிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. முதல் நாளே எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் சிக்னல் தேடி நிற்கும் வண்டிகளின் வரிசையில் நீங்கள் சேர வேண்டாம். மலையில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு, எவர்சில்வர் பாட்டில்களில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரையில் படியேறும்போது வாங்காத மூச்சு அங்கே வாங்கும். இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். ஸ்வெட்டர், காலுறை, காதை மூடும் குல்லா எல்லோருக்கும் வேண்டும். அப்பத்தாவுக்கு ரப்பர் செருப்பைத் தவிர வேறு பழக்கமில்லை. ஒரு வாரம் முன்பே கான்வாஸ் ஷூ வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்க வைத்தோம். புது ஷூவை அங்கே போய் முதன்முதலாகப் போட்டால் ஆய்வக மேட்டில் ஏறும் முன்பே கால் கடிக்கும்.

அன்று மாலை ஏரியைச் சுற்றி நடக்கலாம். படகு, தூண் பாறை எல்லாம் மறுநாள் பிற்பகலுக்கு. காலை நேரம் முழுவதும் சூரியனுக்கு.

6. ஏன் காலை?

பனி ஒரு காரணம். இன்னொன்று காற்று. வெயில் ஏற ஏறத் தரை சூடாகும், சூடான காற்று அலையலையாக மேலெழும். தார்ச் சாலையில் மதியம் கானல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெளிவு தொலைநோக்கியின் பாதையிலும் நடக்கும். சூரியப் பிம்பத்தின் விளிம்பு கொதிக்கும் ரசம்போலத் துடிக்கும். அதனால் ஆய்வகத்தில் நல்ல படங்களுக்கான நேரம் காலைதான். உங்களை எத்தனை மணிக்கு அனுமதிக்கிறார்களோ அதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு வாயிலில் இருங்கள்.

7. வளாகத்துக்குள்: எந்த வரிசையில் பார்ப்பது

அருங்காட்சியகத்தில் முதலில் சுவரில் உள்ள படங்களுக்குப் போகாதீர்கள். வானம் திறந்திருக்கும்போதே நேரடிப் பிம்பத்துக்குப் போங்கள். சுவர்ப் படங்கள் மேகம் வந்த பிறகும் அங்கேயேதான் இருக்கும்.

பிம்பத்தின் முன் பிள்ளைகளை ஐந்து நிமிடம் பேசாமல் நிற்க வையுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. புள்ளிகள் எத்தனை, எங்கே என்பது முதலாவது. இரண்டாவது, வட்டத்தின் நடுப்பகுதியைவிட விளிம்பு மங்கலாக இருப்பது. விளிம்பில் நாம் காண்பது சூரியனின் மேலடுக்கு, அங்கே வெப்பம் குறைவு, அதனால் ஒளியும் குறைவு. மூன்றாவது, விளிம்பின் துடிப்பு. பார்த்ததை அங்கேயே வரைந்துகொள்ள, வீட்டிலேயே 10 சென்டிமீட்டர் வட்டம் போட்ட தாள்களைக் கொண்டுபோங்கள். தேதியையும் நேரத்தையும் எழுத மறக்கக் கூடாது. தேதியில்லாத படம் பின்னால் எதற்கும் உதவாது.

அடுத்து நிறமாலை. சிவப்பிலிருந்து ஊதா வரை விரிந்த பட்டையின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். இவற்றுக்குப் பிரான்ஹோபர் கோடுகள் என்று பெயர். சூரியனின் வளிமண்டலத்தில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தை உறிஞ்சிக்கொண்டதன் தடம் அவை. மஞ்சள் பகுதியில் அருகருகே இரண்டு கோடுகள் இருக்கின்றனவா என்று தேடச் சொல்லுங்கள். அடுப்பில் தூவிய உப்பின் மஞ்சள் இருந்த அதே இடம், அதே சோடியம். என் அண்ணன் மகள் அந்த இடத்தில் அப்பத்தாவின் கையைப் பிடித்து இழுத்து, "நம் வீட்டு உப்பு" என்றாள். விளக்கிக்கொண்டிருந்தவர் அதன் பிறகு அவளிடம்தான் பேசினார்.

இந்தக் கோடுகள் இருக்கும் இடம் சற்றே நகர்ந்தால், அந்த வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று சொல்லிவிடலாம். சூரியப்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டறிந்தது இப்படித்தான், இந்த ஆய்வகத்தில்தான்.

சுரங்கத் தொலைநோக்கியைப் பார்க்க அனுமதி கிடைத்தால், கோபுரத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் ஒளி போகும் வழியிலேயே போக வேண்டும். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் 60 சென்டிமீட்டர் கண்ணாடிகள் ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்புகின்றன. கீழே இன்னொரு கண்ணாடி அதைப் படுக்கைவாக்கில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் திருப்புகிறது. உள்ளே 38 சென்டிமீட்டர் லென்ஸ் பிம்பத்தை உருவாக்குகிறது. சுரங்கம் எதற்கு என்றால், தரைக்கடியில் காற்று அசையாது, வெப்பம் மாறாது. பெரிய நிறமாலைக் கருவியை வானத்தோடு சேர்த்துத் திருப்ப வேண்டிய தேவையும் இல்லை. அசைவதெல்லாம் மேலே உள்ள கண்ணாடி மட்டும்.

ஆகவே அங்கே கும்பலாக நிற்காதீர்கள், உடல் சூடே காற்றைக் கலக்கும். பிளாஷ் அடித்துப் படம் எடுக்கக் கூடாது. கண்ணாடிகளின் பக்கம் விரல் நீட்டக் கூடாது, மூச்சு படுமளவுக்குக் குனியவும் கூடாது. தின்பண்டத்தை வெளியிலேயே வைத்துவிடுங்கள். அனுமதி கிடைக்கவில்லையென்றால் மன்றாட வேண்டாம். அன்று வேலை நடக்கிறது என்று பொருள். கோபுரத்தை வெளியே நின்று பார்த்து, ஒளியின் பாதையைப் பிள்ளை விரலால் காட்டட்டும்.

8. கேள்விகளை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்

சூரியன் எவ்வளவு சூடு, எவ்வளவு தூரம் என்பவை பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் பாடப் புத்தகப் பதிலே வரும். வேலை செய்பவரிடம் அவர் வேலையைக் கேளுங்கள். இன்று முதல் படம் எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? பாதியில் மேகம் வந்தால் என்ன செய்வீர்கள்? கண்ணாடியை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? ஆதித்யா மேலே இருக்கும்போது இங்கே ஏன் இன்னும் படம் எடுக்க வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் உண்டு. நூறு ஆண்டுக்கு மேல் ஓரிடத்திலிருந்து எடுத்த தொடர்ச்சி விண்கலத்திடம் கிடையாது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தைச் சேர்ந்தது அது. சூரியப்புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சி ஒன்றுக்கே ஏறத்தாழ 11 ஆண்டு ஆகிறது. அதே சமயம், கொரோனா எனும் வெளி வளிமண்டலத்தைத் தரையிலிருந்து அன்றாடம் பார்க்க முடியாது. வானத்தின் ஒளி அதை மூழ்கடித்துவிடும். அதற்கு விண்கலம்தான் வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்ய முடியாது.

கேள்வியைப் பிள்ளையே கேட்க வேண்டும். பெரியவர்கள் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்க வேண்டாம். பாட்டியின் பிறந்தநாள் படத்தை உறையிலிருந்து எடுக்க வேண்டிய இடமும் இதுதான். எங்களுக்கு விளக்க வாய்த்த ஆய்வகப் பணியாளர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தப் படத்தை எடுத்தவர் அன்று குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார் என்றார். ஜனவரியில் விடிகாலை இங்கே எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்தானே என்றும் கேட்டார். அப்பத்தா, நான் பிறந்த நேரம் அதுதான் என்று பதில் சொன்னார்.

9. மேகம் வந்துவிட்டால்

வரும். காத்திருங்கள். கொடைக்கானல் மேகம் இருபது நிமிடத்தில் விலகுவதும் உண்டு, நாள் முழுக்கப் படுத்துக்கொள்வதும் உண்டு. சுவர்ப் படங்களையும் மாதிரிகளையும் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். ஒரு மணி நேரம் தாண்டியும் விலகவில்லையென்றால், மறுநாள் காலை வரலாமா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இதற்காகத்தான் கடிதத்தில் இரண்டு தேதிகள். இரண்டாவது இரவு தங்க முடியாதவர்கள் அறை எடுக்கும் முன்பே இதை யோசித்துவிடுங்கள்.

இரவு வானத்தைத் தொலைநோக்கியில் காட்டும் ஏற்பாடு அன்று உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இருந்தால் தனியாகப் போங்கள், காலைப் பயணத்துக்கு மாற்றாக அதை எண்ண வேண்டாம்.

10. வீடு திரும்பிய பின் இரண்டு வாரம்

ஆய்வகத்தில் வரைந்த தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். மறுநாளிலிருந்து, அன்றைய சூரியப் படத்தை நாசாவின் எஸ்டிஓ விண்கலத் தளத்தில் பார்த்து, அதே அளவு வட்டத்தில் புள்ளிகளைக் குறித்து வரட்டும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிட வேலை. ஆய்வகப் பிம்பம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருந்திருக்கலாம். முதல் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, தாளைத் திருப்பிப் பொருத்திக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத பிள்ளை, புள்ளி ஒரே இரவில் எதிர்ப்பக்கம் தாவிவிட்டது என்று நினைத்துக் குழம்பும்.

நாளுக்கு நாள் புள்ளி நகரும். சூரியன் சுழல்வதை இப்படித்தான் கண்ணால் காண்கிறோம். நம் பார்வையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 27 நாள். நடுவில் இருந்த புள்ளி ஒரு வாரத்துக்குள் மேற்கு விளிம்பைத் தொட்டு மறையும். மறைந்த நாளைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து இரண்டு வாரம் எண்ணி, கிழக்கு விளிம்பைப் பாருங்கள். சில புள்ளிகள் திரும்பி வரும். பல பின்பக்கத்திலேயே கரைந்துவிடும்.

எங்கள் புள்ளி திரும்பவில்லை. அது வர வேண்டிய நாளுக்கு அடுத்த நாள், சற்று மேலே, வேறொரு சிறு கூட்டம் கிழக்கு விளிம்பில் எட்டிப் பார்த்தது. அண்ணன் மகள் புதுத் தாள் எடுத்து வட்டம் போட்டு, முதலில் தேதியை எழுதினாள்.